செத்தவர்களுக்கெல்லாம் என் அப்பாவின் கண்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருவண்ணாமலையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் ஒரு மூன்று வருட காலத்தில் செத்துப்போன ஆண்களில் பாதிப் பேர் என் அப்பாவின் கண்களோடுதான் போய்ச் சேர்ந்தார்கள். அப்பாவிடம் நான் அனுமதி கேட்கவில்லை. செத்தவர்களிடமும் கேட்கவில்லை. அப்பா இன்றைக்கும் கீழ்பென்னாத்தூரில் நல்லபடியாக இருக்கிறார், வேர்க்கடலை போடுகிறார், என்னைத் திட்டுகிறார்.

இப்போது செங்கம் சாலையில் ஒரு டீக்கடைக்கு மேல்மாடியில் டாட்டூ கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். (டிசைனர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் கடையைப் பெருக்குவதும் டிசைனர்தான்.) காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள் என்று எத்தனையோ பேனர் அடிப்போம். எல்லாவற்றிலும் அவசரமானது கண்ணீர் அஞ்சலி. மற்றவற்றுக்கு ஒரு வாரமாவது நேரம் கொடுப்பார்கள். சாவுக்கு இரண்டு மணி நேரம். பிணத்தை எடுப்பதற்குள் தெருமுனையில் பேனர் நிற்க வேண்டும்.

அதற்குச் சாவு வீட்டுக்காரர்கள் கொண்டுவருகிற போட்டோவைப் பார்க்க வேண்டுமே! உயிரோடு இருந்தவரை அந்த மனிதரை யாரும் ஒழுங்காக ஒரு படம் எடுத்திருக்க மாட்டார்கள். கல்யாண குரூப் போட்டோவில் நான்காவது வரிசையில் பாதி முகம் இருக்கும். இல்லாவிட்டால் ஓட்டர் ஐடி. ஓட்டர் ஐடியில் மனிதர்கள் ஏற்கெனவே பாதி செத்தவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். உடம்பைப் பற்றிக் கவலையில்லை. வெள்ளைச் சட்டை போட்ட உடம்பு ஒன்று கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. எல்லாச் சாதிக்கும் எல்லாக் கட்சிக்கும் அதே உடம்புதான், துண்டின் கலரை மட்டும் மாற்றுவோம். சிக்கல் கண்ணில்தான். படத்தைப் பெரிதாக்கினால் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள் வரும்.

ஒரு நாள் அந்தக் குழிகளில் அப்பாவின் கண்ணை எடுத்து வைத்தேன்.

என்னிடம் அப்பாவின் தெளிவான படம் ஒன்று இருந்தது. எங்கள் நிலத்தில் மூன்று இடத்தில் போர் போட்டும் புகைதான் வந்தது. நான்காவது இடத்தில் தண்ணீர் பீச்சி அடித்த நிமிஷத்தில் சித்தப்பா மகன் தன் புதுக் கேமராவில் அப்பாவை எடுத்துவிட்டான். அப்பா கேமராவைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமை ஓரம் லேசாக நனைந்து, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்பது மாதிரி ஒரு பார்வை. எங்கள் வீட்டில் யாரையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

ஃப்ளெக்ஸ் கடை முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “டேய், இந்தக் கண்ணு நல்லா ஈரமா கீதுடா. ஜனம் நின்னு பாக்கும். சேவ் பண்ணி வெச்சிக்கோ” என்றார். வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யார் செத்தாலும் அப்பா பார்த்தார்.

பேனர்கள் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போயின. ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். “இன்னாடி இது, கொஞ்ச நாளா செத்தவன் எல்லாம் என்னையே பாக்கறான். டீக்கடை வாசல்ல ஒருத்தன், ரயில்வே கேட்டாண்ட ஒருத்தன். இந்தப் பக்கம் போனா இப்பிடிப் பாக்கறான், அந்தப் பக்கம் போனா அப்பிடிப் பாக்கறான். எங்கியோ பாத்த மூஞ்சியாவும் கீது.” அம்மா பயந்துபோய் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள், கோயிலுக்கு அழைத்துப்போய்க் கறுப்புக் கயிறு கட்டினாள். நான் குனிந்த தலை நிமிராமல் ரசம் சாதம் சாப்பிட்டேன். அப்பா அந்த டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

பிறகு எனக்கு டாட்டூ பைத்தியம் பிடித்தது. மெஷின் வாங்கி முதலில் வாழைப்பழத் தோலில் குத்திப் பார்த்தேன், பிறகு கத்தரிக்காயில், பிறகு என் சொந்தத் தொடையில். அங்கே நான் போட்ட தாமரையை இன்று வரைக்கும் பார்த்தவர்கள் எல்லாரும் முட்டைகோஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஆசிரமப் பக்கம் தங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஓம், திரிசூலம், மலை என்று போட்டுக் கை தேறியது. உள்ளூர்ப் பையன்கள் காதலியின் பெயரை எழுத வந்தார்கள். ஆறு மாதத்தில் அதே பையன்கள் அந்தப் பெயரின் மேல் புலி வரைய வந்தார்கள். இப்படியாக என் தொழில் வளர்ந்தது.

வேலை இல்லாத நேரத்தில் கூழாங்கல் பொறுக்கி வந்து அதில் கண் வரைவேன். அதுதான் என் பொழுதுபோக்கு. முகமெல்லாம் கிடையாது, ஒரு கல்லுக்கு ஒரு ஜோடிக் கண் மட்டும். வீட்டில் வைத்திருந்தேன். அம்மா ஒரு நாள் எல்லாவற்றையும் கோணிப் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். “ஆளில்லாத வூட்ல இத்தினி பேரு முழிச்சிகினு இருந்தா நான் எப்பிடிடா தனியா இருக்கறது?” என்றாள். அன்றிலிருந்து நாற்பது ஜோடிக் கண்கள் கடை ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அப்பா மட்டும் கடைப் பக்கம் வரவே இல்லை. உறவினர்கள் கேட்டால், “தோல் சம்பந்தமான வேலை” என்று சொல்லிவைத்தார். (இரண்டு பேர் படை நோய்க்கு மருந்து கேட்டு எனக்கு போன் செய்திருக்கிறார்கள்.) மூன்று வருடம் பொறுத்துவிட்டுக் கடைசியில் ஒரு நாள் தீர்ப்புச் சொன்னார். “வெள்ளிக்கிழமை சாய்ங்காலம் வந்து பாக்கறேன். ஒரு மனுசன் செய்யற வேலைன்னு எனக்குப் பட்டுச்சினா செய். இல்லனா கடைய மூடிட்டு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனில சேந்துடு. உங்க மாமன் சொல்லி வெச்சிகீறான்.”

அப்பா சொன்னால் சொன்னதுதான். என் கடை அந்த ஒரு சாயங்காலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் வரும்போது சாதாரண தேளோ பாம்போ இல்லாமல், பார்த்ததும் மனசில் இறங்குகிற மாதிரி ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கேட்டது போலவே தனசேகர் வந்தான். அடி அண்ணாமலையில் வேன் ஓட்டுகிற பையன். செத்துப்போன அப்பாவின் முகத்தை நெஞ்சில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றான். கையில் துணி சுற்றிய ஒரு பிரேம். கண்ணாடிக்கு மேல் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

“எங்கப்பா போட்டோ இது ஒண்ணுதாண்ணா கீது. எட்டு வருஷம் ஆச்சு” என்றான்.

எட்டு வருஷம் என்றதும் நான் விரல் விட்டு எண்ணியிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரேமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இன்னா போட்டோ தம்பி இது! கண்ணு பேசுதுப்பா! யாரோ பெரிய ஆளு எடுத்திருக்கான்” என்றேன்.

“ஆமாண்ணா. எங்கம்மா தெனம் அந்தக் கண்ணையேதான் பாத்துகினு இருக்கும்” என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். அக்னி நட்சத்திர வெயில். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். எதிரே இருந்த காபிக் கடை சாத்திக் கிடந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. தனசேகர் மல்லாந்து படுத்தான். முடி, நெற்றி, மூக்கு, மீசை என்று ஒவ்வொன்றாக முடித்தேன். கண்ணை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். கோயில் சிலைக்குக் கண் திறப்பதும் கடைசியில்தானே, நாமும் அப்படியே செய்வோம் என்று ஒரு பெருமை. பன்னிரண்டு மணி வாக்கில் பையன் அப்படியே தூங்கிப்போனான். (சிலருக்கு ஊசி குத்தினால் தூக்கம் வரும். அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பயம்.)

கண்ணை ஆரம்பித்தபோது கரண்ட் போனது.

மெஷின் பேட்டரியில் ஓடியது, ஆனால் ஃபேன் நின்றுவிட்டது. மெஷினின் ரீங்காரம் மட்டும் அறையில் பெரிதாகக் கேட்டது. என் கைக்கு அன்று என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, போட்டோவைப் பார்க்காமலேயே போட்டது. இமையின் மடிப்பு, வலது கண்ணோரம் இருந்த சின்னச் சுருக்கம், கருவிழிக்கு மேலே ஒரு புள்ளி வெளிச்சம், எல்லாம் தானாக வந்தன. நூறு தடவை போட்ட கோலம் மாதிரி கை போய்க்கொண்டே இருந்தது. நான் பெரிய கலைஞன் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கடவுளே, அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது கண்ணை முடித்து மெஷினை நிறுத்தினேன். தனசேகர் மூச்சை இழுத்து விட்டான். நெஞ்சு ஏறி இறங்கியது. அதோடு சேர்ந்து அந்த முகமும் மூச்சு விட்டது. தலைப்பக்கம் இருந்த முகம் கண் மூடித் தூங்கியது, நெஞ்சில் இருந்த முகம் கண் திறந்து என்னைப் பார்த்தது.

எழுந்து இந்தப் பக்கம் வந்தேன். பார்த்தது. அந்தப் பக்கம் போனேன். பார்த்தது.

கண்ணோரத்தில் ஒரு துளி நீர் கட்டியது. புதிதாகக் குத்திய இடத்தில் நீர் கசிவது எல்லாருக்கும் வருவதுதான், என் கடையில் தினமும் பார்க்கிறேன். துடைத்தேன். மறுபடியும் அதே இடத்தில் கட்டியது. துடைத்தேன். மூன்றாவது தடவை துளி திரண்டு, இமை ஓரம் நனைந்து நின்றது. அந்த நனைந்த இமையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். என் முதுகு சில்லிட்டது. யாரோ எனக்கு ரொம்ப வேண்டியவர் என்னிடம் என்னவோ கேட்கப் போகிறார், பதில் என்னிடம் இல்லை என்பது போல ஒரு பயம் வந்தது. பார்வையை மாற்றுவதற்காக ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

ஜன்னலோரம் நாற்பது கற்கள். நாற்பது ஜோடிக் கண்கள். மூன்று வருடமாகப் புதிது புதிதாக வரைகிறேன் என்று நினைத்து நான் வரைந்தவை. நாற்பதிலும் அதே மடிப்பு, வலது ஓரத்தில் அதே சுருக்கம், அதே ஒரு புள்ளி வெளிச்சம்.

அத்தனையும் அப்பாவின் கண்.

ஃப்ளெக்ஸ் கடை, ஓட்டர் ஐடி, கறுப்புக் குழி, வெள்ளைச் சட்டை எல்லாம் ஒரே அடியில் ஞாபகம் வந்தது. நான் பேனருக்குச் செய்த படத்தைத்தான் பிரேம் போட்டிருக்கிறார்கள். பேனர் என்றால் கிழித்துப் போட்டுவிடலாம். இந்தப் பையன் சாகிற வரைக்கும் என் அப்பாவின் கண்ணை அல்லவா தன் அப்பாவின் கண் என்று சுமப்பான்! அந்தச் சமயத்தில் பின்னால் யாரோ இருமினார்கள்.

அது அப்பாவின் இருமல்.

திரும்பினேன். வாசற்படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் வருவதாகச் சொன்னவர், வெயிலுக்குத் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, பகல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நான் “ஐயோ!” என்று அலறினேன். அலறலில் தனசேகர் விழித்து எழுந்து உட்கார்ந்தான். நேரே வாசலைப் பார்த்தான். எட்டு வருடமாக மாலை போட்டுக் கும்பிட்ட கண்கள் துண்டுக்குக் கீழே இருந்து அவனைப் பார்த்தன. “யப்பா!” என்று அவன் போட்ட சத்தத்தில் கீழே டீக்கடைக்காரர் கிளாஸைப் போட்டு உடைத்துவிட்டார். கடைசியாக அலறியது அப்பா. அவர் அவனுடைய நெஞ்சைப் பார்த்துவிட்டார்.

அப்படியே படியில் உட்கார்ந்தார். முகம் வெளிறிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ரொம்ப நிதானமாக, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி என்னிடம் கேட்டார்.

“டேய். நான் எப்படா செத்தேன்?”

எல்லாவற்றையும் சொன்னேன். வேறு வழியில்லை. சொல்லச் சொல்ல நான் குறுகிப்போனேன். தனசேகரின் நெஞ்சில் பிளாஸ்டிக் தாளை நானே ஒட்டிவிட்டேன், அவன் என் முகத்தைப் பார்க்காமல் சட்டையைப் போட்டுக்கொண்டு பிரேமைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயங்கரம். எழுந்து ஜன்னலோரம் போய், நாற்பது கற்களையும் ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, “அந்தப் புள்ள வூடு எங்கடா?” என்றார்.

“எதுக்குப்பா?”

“அவங்கம்மா கிட்ட யாரு சொல்றது? செஞ்சவன் நீ, கண்ணு என்னுது. ரெண்டு பேருந்தான் போவணும். வண்டிய எடு.”

அடி அண்ணாமலையில் அவன் வீட்டுக்குள் போனபோது பிரேம் திரும்பவும் சுவரில் ஏறியிருந்தது. அப்பா நேராகப் போய் அதன் அடியில் நின்றார். மேலே மாலைக்குள் ஒரு ஜோடி, கீழே துண்டுக்கு அடியில் அதே ஜோடி. தனசேகர் மூலையில் நின்றான். அவன் அம்மா குப்பம்மா மாட்டுக் கொட்டகையிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்து, அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார்.

“உங்க கண்ணுதானாங்க அது?” என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். குப்பம்மா கையமர்த்தினார்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. பேனரக் கொண்டாந்து நட்டப்பவே தெரியும். என் வூட்டுக்காரருக்குச் சின்னக் கண்ணு. கோவம் வந்தாத்தான் தொறக்கும். இருவது வருசத்துல அந்த மனுசன் என்னை இப்பிடி ஒரு நாளு பாத்ததில்ல. சரி, செத்த பொறவாவது பாக்கட்டுமேன்னு கம்முனு இருந்துட்டேன்.”

தனசேகர், “ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்றான்.

“நீதான் தெனம் பள்ளிக்கூடம் போறப்ப அதுங்கிட்ட சொல்லிட்டுப் போவியே. அது உன்னையும் நல்லாத்தான பாத்துச்சு” என்றார் அவர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். குப்பம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு அப்பாவிடம் கேட்டார். “ஏங்க, தப்பா நெனக்காதீங்க. அந்தப் படம் எடுக்கறப்ப யாரைப் பாத்துகினு இருந்தீங்க?”

போர்த் தண்ணீரை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அப்பா என் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

“என் சம்சாரத்தத்தாங்க” என்றார்.

குப்பம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் தனசேகர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் இருந்த முகத்தைத் தன் அம்மாவிடம் காட்டினான். அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அம்மா, ‘என் சம்சாரத்த’ என்கிற இடத்தில் கரண்டியைக் கீழே வைத்தாள். “பொண்ணு பாக்க வந்தப்பவே மோட்டுவளையப் பாத்துகினு இருந்த மனுசன்! போர்ல தண்ணி வந்ததப் பாத்துட்டு என் பேரச் சொன்னியா நீ?” என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது நிலைத்துவிட்டது. அப்பா எதையாவது ஆசையாகப் பார்த்தால் போதும், பலாப்பழமோ கன்றுக்குட்டியோ பேத்தியோ, உடனே யாராவது, “தண்ணி வந்துடுச்சு” என்போம். அவர் முறைப்பார்.

தீர்ப்பை மட்டும் அப்பா சொல்லவே இல்லை. நானாகக் கேட்கவும் பயம். ஸ்ரீபெரும்புதூர்ப் பேச்சு அப்படியே நின்றுபோனது. தனசேகர் தீபத்துக்குத் தீபம் அப்பாவைப் பார்க்க வருகிறான். அவர் அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சைப் பார்த்துவிட்டு, “வெயில்ல தெறந்து போட்டுகினு திரியாத, மங்கிடும்” என்று அதட்டி அனுப்புவார். போன வருடம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது அவன் வந்து ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் அப்பா கண்ணில் போட்ட கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். அம்மா அவனைக் காட்டி, “ஏன் பயப்படற, இன்னொரு ஜோடிதான் வந்து நிக்குதே” என்றாள்.

கட்டுப் பிரித்த பிறகு அப்பா அடிக்கடி கடைக்கு வருகிறார். எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார், எதுவும் பேசமாட்டார். போன மாதம் ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண்ணின் மணிக்கட்டில் சின்னதாக ஒரு மீன் போட்டுக்கொண்டிருந்தேன். ஃபேன் ஓடியது, மெஷின் ரீங்காரம். திடீரென்று பிடரியில் ஏதோ உறுத்தியது. அன்றைக்கு முதுகு சில்லிட்டதே, அதே உணர்வு. திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு வேலையைச் செய்தேன்.

அம்மா அப்போதுதான் சாப்பாட்டுக் கூடையோடு படியேறி வந்தாள். வாசலிலேயே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நாற்காலியைப் பார்த்தாள்.

“டேய், திரும்பாத” என்றாள் மெதுவாக. “தண்ணி வந்துடுச்சு.”